முதலில் கதை, அப்புறம் பெட்டி

கதை சொல்ல அழைப்பு வந்ததும் பலரும் முதலில் தேடுவது பொம்மையைத்தான். சார்ட் அட்டை, ஃபெல்ட் துணி, பசை, கத்தரிக்கோல் எல்லாம் தரை முழுக்கப் பரவிவிடும். சிங்கத்துக்குப் பிடரி ஒட்டி முடிக்கவே ஒரு வாரம் போய்விடும். நிகழ்ச்சிக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான், இந்தச் சிங்கத்தை வைத்து என்ன கதை சொல்வது என்ற கேள்வி வரும். நானும் சில வருடங்கள் இப்படித்தான் தயாரானேன். பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் கதை. அதை வெறுங்கையோடு நாலைந்து முறை சொல்லிப் பார்த்து, எந்த இடத்தில் குரலும் கையும் போதவில்லை என்று தெரிந்த பிறகே பொம்மையும் அட்டையும் இருக்கும் பெட்டியைத் திறக்கிறேன்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். நாற்பது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வருபவர்கள் ஐம்பது அறுபது பேர். பாதி குழந்தைகள், பாதி அவர்களைக் கூட்டிவரும் பெரியவர்கள். கையில் இரண்டு வாரம் இருக்கிறது. எந்தக் கதை, அதை எப்படி மனதில் ஏற்றுவது, கூட எதை எடுத்துப் போவது என்று மூன்று முடிவுகள் எடுக்க வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று இழுப்பவை.

நீளமாக ஒன்றா, சின்னதாக மூன்றா

நாற்பது நிமிடத்தையும் ஒரே கதைக்குக் கொடுத்தால், கேட்பவர்கள் ஓர் உலகத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். காட்டுக்குள் நடக்கிற நடை, மூன்று இரவுகள், மூன்று கேள்விகள் என்று நிதானமாகக் கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் பத்தாவது நிமிடத்திலேயே ஒரு குழந்தைக்கு அந்தக் கதை பிடிக்காமல் போனால், மிச்சம் முப்பது நிமிடமும் அதற்குப் போக்கிடம் கிடையாது. மூன்று கதை என்றால் ஒன்று எடுபடாவிட்டாலும் அடுத்தது தூக்கி நிறுத்தும். அதே சமயம், மூன்று முறை தொடங்க வேண்டும், மூன்று முறை கூட்டத்தை உள்ளே இழுக்க வேண்டும். அந்த உழைப்பு சின்னதல்ல.

கலந்த கூட்டத்துக்கு நான் மூன்று கதைகள் எடுக்கிறேன், ஆனால் சம நீளத்தில் அல்ல. எல்லாரும் வாய் திறக்கிற மாதிரி ஒன்று, ஏழெட்டு நிமிடம். நடுவில் கனமான ஒன்று, இருபது நிமிடம் வரை. கடைசியில் சிரித்துக்கொண்டே எழுந்து போகிற மாதிரி ஒன்று, ஐந்து நிமிடம். மிச்ச நேரம் தாமதமாக வருபவர்கள் உட்காரவும், நடுக்கதை முடிந்து எல்லாரும் மூச்சு விடவும் தேவைப்படும். பெரியவர்கள் மட்டும் வருகிறார்கள் என்றால் தயங்காமல் நீளக் கதை ஒன்றையே எடுப்பேன்.

நேரத்தை வாசித்துப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். எட்டு நிமிடத்தில் வாசித்து முடிகிற கதை, ஆட்கள் முன்னால் சொல்லும்போது எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. சிரிப்புக்கு நிற்க வேண்டும், பதில் குரலுக்கு நிற்க வேண்டும், சில இடங்களில் சும்மாவும் நிற்க வேண்டும்.

எந்த வகைக் கதை

உலகத்து நாட்டார் கதைகளை வகைபிரித்து எண் கொடுத்த பட்டியல் ஒன்று இருக்கிறது. பின்லாந்தின் ஆன்டி ஆர்னே 1910இல் தொடங்கியது. அமெரிக்காவின் ஸ்டித் தாம்சன் அதை 1928இலும் 1961இலும் விரிவாக்கினார். ஜெர்மனியின் ஹன்ஸ்-யோர்க் ஊத்தர் 2004இல் திருத்தி அமைத்தார். 1 முதல் 299 வரை விலங்குக் கதைகள், 300 முதல் 749 வரை மாயக் கதைகள், 1200 முதல் 1999 வரை சிரிப்புக் கதைகள், 2000க்கு மேல் சங்கிலிக் கதை போன்றவை. இது ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியதில்லை. ஒரு கதை பிடித்துப் போய் அதன் முடிவு மட்டும் உறுத்துகிறது என்றால், அதே எண்ணில் வேறு நாட்டில் அது எப்படி முடிகிறது என்று தேடலாம். சிண்டிரெல்லாவின் எண் 510ஏ. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் கண்ணாடிச் செருப்பே இல்லாத சிண்டிரெல்லாக்கள் வரிசையாக வருவார்கள்.

தொடக்கத்துக்குச் சங்கிலிக் கதையை மிஞ்ச எதுவும் இல்லை. தன் பெயரை மறந்துபோன ஈ, கன்றிடமும் கன்றின் தாயிடமும் மேய்ப்பவனிடமும் அவன் கைக்கோலிடமும் கேட்டுக்கொண்டே போகிற கதை நமக்கெல்லாம் தெரியும். மூன்றாவது சுற்றிலேயே கூட்டம் கூடச் சேர்ந்து சொல்லத் தொடங்கிவிடும். வந்தவர்களின் கூச்சம் போகும், சொல்பவரின் படபடப்பும் போகும். ஆனால் அது முடிந்தபின் பெரியவர்கள் மனதில் தங்குவது குறைவு. அதனால் அதை நடுவில் வைப்பதில்லை.

தந்திரக் கதைகள் கடைசிக்கு நன்றாகப் பொருந்தும். தெனாலிராமன், முல்லா நஸ்ருத்தீன், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கரீபியன் தீவுகள் வரை போன அனன்சி என்ற சிலந்தி, எல்லாரும் ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடுவார்கள். இதில் ஒன்றை மட்டும் கவனித்துப் பார்க்க வேண்டும்: சிரிப்பு யார் மேல் விழுகிறது? அதிகாரத்தில் இருப்பவன் ஏமாறினால் எல்லாரும் சேர்ந்து சிரிக்கலாம். காது கேளாதவர், பருமனானவர், மருமகள், ஏழை வேலைக்காரன் என்று சிரிப்பு விழுகிற பழைய கதைகளும் நிறைய. அந்தக் கூட்டத்தில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பார். எவ்வளவு நல்ல நகைச்சுவையாக இருந்தாலும் அந்தக் கதையை நான் எடுப்பதில்லை.

வேதாளக் கதைகள் போன்ற புதிர்க் கதைகள் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏற்றவை. கேள்வியை வைத்துவிட்டு நிறுத்தினால் போதும், கூட்டம் இரண்டாகப் பிரிந்து வாதாடும். மேற்கு ஆப்பிரிக்காவில் பதிலே சொல்லாமல் கேள்வியோடு முடிகிற கதைகளும் உண்டு. விவாதம்தான் கதையின் மறுபாதி. இதில் நேரம் நம் கையில் இருக்காது. நாற்பது நிமிடத்துக்குள் மூன்று கதை வைத்திருக்கும்போது இது ஆபத்து.

சொந்த வாழ்க்கையிலிருந்து சொல்வதை இப்போது பலர் விரும்புகிறார்கள். நல்லதுதான். சொல்லும்போது எனக்கே குரல் அடைக்கிறது என்றால், அதை இன்னும் ஒரு வருடம் உள்ளேயே வைத்திருப்பேன். கேட்க வந்தவர்கள் என்னைத் தேற்ற வேண்டிய நிலைமைக்கு ஆளாகக் கூடாது.

அச்சில் வந்த சிறுகதையைச் சொல்வது வேறு கணக்கு. அதன் உயிர் வாக்கியத்தில் இருக்கும். நம் வாக்கியத்தில் சொன்னால் கதை மிஞ்சும், உயிர் போய்விடும். பதிப்புரிமையும் பார்க்க வேண்டும். ஆசிரியர் இறந்தபின் 50 ஆண்டு என்பது பெர்ன் ஒப்பந்தம் என்ற சர்வதேசப் பதிப்புரிமை உடன்படிக்கை வைத்திருக்கும் பொதுவான குறைந்தபட்சக் காலம். இந்தியாவில் 60, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70. நாட்டார் கதைக்கு உரிமையாளர் இல்லை, ஆனால் அதை ஒருவர் தன் நடையில் எழுதியிருந்தால் அந்த எழுத்துக்கு உண்டு. அதனால் ஒரு கதையை மூன்று நூல்களிலாவது படித்துவிட்டு, மூன்றையும் மூடி வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்குவதே சரியான வழி.

அப்படி மூன்று வடிவங்களைப் படிக்கும்போதுதான் ஒரு கதைக்குள் எத்தனை தேர்வுகள் இருக்கின்றன என்று தெரியும். சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை, பிரான்சின் பெரோ 1697இல் வெளியிட்ட வடிவத்தில், ஓநாய் அவளைத் தின்பதோடு முடிந்துவிடுகிறது. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்டதில் வேட்டைக்காரர் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து மீட்கிறார். அதே 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் அவளைப் பெற்ற தாய். 1819இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவள் மாற்றாந்தாயாகிவிட்டாள். நான் சொல்லும்போது இரண்டையும் விட்டுவிட்டு 'அரசி' என்று மட்டும் சொல்கிறேன். மாற்றாந்தாயோடு வளரும் ஒரு குழந்தை முன்வரிசையில் இருக்கலாம். ஆனால் பயத்தைக் கழற்றுவதில்லை. ஓநாய்க்குப் பல் இல்லாவிட்டால் அந்தச் சிறுமிக்குத் தைரியம் எதற்கு? பயங்கரமான இடத்தை நிதானமாக, குரலை ஏற்றாமல் சொல்லி, சீக்கிரம் கடந்துவிட்டால் குழந்தைகள் தாங்கிக்கொள்கிறார்கள்.

வேறு மக்களின் கதையை எடுத்தால் அது யாருடையது என்று சொல்லிவிட்டுத் தொடங்குவது மரியாதை. சில கதைகளுக்குக் காலமும் உண்டு. அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்கள் கயோட்டி என்ற ஓநாயினத்து விலங்கின் கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்வார்கள். அவற்றை வெயில் காலத்து நிகழ்ச்சிக்கு எடுக்காமல் விடுவதே சரி.

சரி, நடுவில் வைக்கும் கனமான கதைக்கு எது? நான் திரும்பத் திரும்ப எடுப்பது தமிழில் வழங்கும் ஒரு சின்ன நாட்டார் கதையை. கணவனை இழந்த ஒரு தாய், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நால்வரும் அவளை ஏசுகிறார்கள். தன் குறையை அவள் யாரிடமும் சொல்வதில்லை. சொல்லாததெல்லாம் உள்ளே சேர்ந்து உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது, அதற்கும் ஏச்சு. ஒருநாள் கால்போன போக்கில் நடந்து, கூரையில்லாமல் நான்கு சுவர் மட்டும் நிற்கும் ஒரு பாழ்வீட்டுக்குள் போகிறாள். முதல் சுவரிடம் மூத்த மகனைப் பற்றிச் சொல்கிறாள். சுவர் இடிந்து விழுகிறது, அவள் உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. இரண்டாவது சுவரிடம் மூத்த மருமகள், மூன்றாவதிடம் இளைய மகன், நான்காவதிடம் இளைய மருமகள். நான்கும் விழுந்தபின், பழைய உடம்போடு இடிபாட்டின் நடுவில் நிற்கிறாள். அப்புறம் வீட்டுக்குத் திரும்பி நடக்கிறாள்.

குழந்தைகளுக்கு இதில் சுவர் விழுகிறது. பெரியவர்களுக்கு அது வேறு. கலந்த கூட்டத்துக்கு வேண்டியது இப்படி ஒரே கதையை இரண்டு வயதினரும் தங்கள் தங்கள் உயரத்திலிருந்து எடுத்துக்கொள்ள முடிகிற ஒன்று. அதை எடுத்துக்கொண்டே மற்ற முடிவுகளையும் பார்க்கலாம்.

மனப்பாடமா, நிறுத்தங்களா

வரிக்கு வரி மனப்பாடம் செய்தால் நடை அழகாக இருக்கும், ஆனால் ஒரு குழந்தை நடுவில் கேள்வி கேட்டால் கயிறு அறுந்துவிடும். கையில் தாளோடு நின்றால் மறதி பயம் இல்லை, ஆனால் கண் தாளில் இருக்கும், கேட்பவர் முகத்தில் இருக்காது. நான் கதையை நிறுத்தங்களாகப் பிரித்துக்கொள்கிறேன். பேருந்து போகிற வழி மாதிரி. எந்தெந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்பது உறுதி, நடுவில் எப்படிப் போனாலும் சரி. சுவர்க் கதைக்கு எட்டு நிறுத்தம்: ஏச்சு, பெருக்கும் உடம்பு, பாழ்வீட்டுக்கு நடை, நான்கு சுவர், திரும்பும் நடை. முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் எழுத்துக்கு எழுத்து மனப்பாடம். இந்த இரண்டும் கையில் இருந்தால் நடுவில் எங்கே தடுமாறினாலும் கரையேறிவிடலாம்.

நினைவு வேலை செய்யும் விதமும் இதுதான். 1930களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க ஆய்வாளர் யுகோஸ்லாவியாவில் காவியப் பாடகர்களைப் பதிவு செய்தார். அவர்களில் அவ்தோ மெஜெதோவிச் என்பவர் சொன்ன ஒரு காவியம் பன்னிரண்டாயிரம் வரிக்கு மேல் ஓடுகிறது. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். வரிகளை நெட்டுருப் போட்டு வைத்திருக்கவில்லை. காட்சிகளின் வரிசையையும், தாளத்தில் வந்து உட்காரும் பழகிய சொற்கட்டுகளையும் வைத்துக்கொண்டு சொல்லும்போதே கட்டினார். நம் இருபது நிமிடத்துக்கு அது தாராளமாகப் போதும்.

டென்மார்க்கின் ஆக்செல் ஓல்ரிக் 1909இல் நாட்டார் கதைகளின் விதிகளைத் தொகுத்தார். அவற்றில் எனக்கு மிக உதவியது, ஒரு காட்சியில் இருவர்தான் இருப்பார்கள் என்பது. கதையை எடுக்கும்போதே இதைச் சோதித்துப் பார்க்கலாம். எல்லாக் காட்சியிலும் இருவர் என்றால் ஒற்றைக் குரல் தாங்கும். குரங்கும் முதலையும் பேசும், பிறகு முதலையும் அதன் மனைவியும் பேசும். மூன்று பேர் ஒன்றாகப் பேசுகிற இடமே அந்தக் கதையில் வேண்டியதில்லை. சுவர்க் கதையில் அந்தத் தாயும் ஒரு சுவரும்தான். ஒரே காட்சியில் நான்கு பேர் மாறி மாறிப் பேசுகிற கதை என்றால், கேட்பவர்கள் யார் பேசுவது என்று தேடத் தொடங்குவார்கள். அங்கேதான் பொம்மை தேவைப்படும். அல்லது வேறு கதை.

பெட்டிக்குள் என்ன

இனி சுவர்க் கதையை ஒவ்வொரு சாதனத்தோடும் வைத்துப் பார்க்கிறேன். இதையெல்லாம் வெவ்வேறு சமயத்தில் செய்தும் பார்த்திருக்கிறேன்.

கைப்பொம்மை. கதையில் ஐந்து பேர். எனக்கு இருப்பதோ இரண்டு கை. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுகிற நேரத்தில் கதை நின்றுவிடுகிறது. பொம்மையின் முகம் மாறாது. அழுகிற முகம் செய்தால் கடைசிவரை அழும். ஆறேழு வரிசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு அந்த முகமும் தெரியாது. இந்தக் கதைக்குப் பொம்மை வேண்டாம். ஆனால் குரங்கு, முதலைக் கதைக்குப் பொம்மை அற்புதமாகப் பொருந்தும். இரண்டு கை, இரண்டு ஆள், நடுவில் என் மடியே ஆறு. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள், நம் முகத்தைவிடப் பொம்மையின் முகத்தை நம்புகிறார்கள். மேடைக் கூச்சம் உள்ளவர்களுக்கும் பொம்மை ஒரு நல்ல மறைவு. நிழல்பொம்மை வேறு படிப்பு. ஜாவாவின் வயாங் குலித் ஆட்டத்தில் டலாங் எனப்படும் ஆட்டக்காரர் ஒருவரே எல்லாப் பாத்திரத்துக்கும் பேசி, எல்லாப் பொம்மையையும் ஆட்டி இரவு முழுக்க நடத்துவார். வருடக்கணக்கில் கற்றுவருகிற கலை அது. இரண்டு வாரத்தில் ஒரு வெள்ளைத்துணியும் விளக்கும் வைத்துத் தொட முயல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பட அட்டை. இதில் எனக்கு மிகப் பிடித்த அமைப்பு ஜப்பானின் கமிஷிபாய்: பட அட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கி, ஒவ்வொன்றாக உருவிக் காட்டிக் கதை சொல்வது. 1930களில் சைக்கிளில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், இரண்டு மரக்கட்டைகளைத் தட்டிக் குழந்தைகளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். 1953இல் அங்கே தொலைக்காட்சி வந்தபின் தெருவில் அது மெல்ல மறைந்தது; பள்ளிகளிலும் நூலகங்களிலும் இன்றும் இருக்கிறது. அதன் உள்ளமைப்பு மிக எளிமையானது. முதல் படத்துக்கான வசனம் கடைசி அட்டையின் முதுகில் இருக்கும். முதல் அட்டை கேட்பவர்களைப் பார்த்திருக்கும்போது சொல்பவரைப் பார்த்திருப்பது கடைசி அட்டையின் முதுகு அல்லவா? முதல் அட்டையை உருவிப் பின்னால் செருகினால், அதன் முதுகில் இரண்டாவது படத்தின் வசனம் கண்முன் வந்துவிடும். இப்படியே சுற்றும். நான் முதல்முறை செய்தபோது அந்தந்தப் படத்தின் முதுகிலேயே அதனதன் வசனத்தை எழுதிவிட்டேன். மேடையில் ஒவ்வொரு படத்தைக் காட்டும்போதும், அதற்கு முந்தைய அட்டையின் வசனம்தான் எனக்குத் தெரிந்தது. அன்று கதையைக் காப்பாற்றியது, வீட்டில் வெறுங்கையோடு சொல்லிப் பார்த்த ஒத்திகைதான். அட்டை செய்பவர்கள் முன்பக்கம் மூலையிலும் பின்பக்கமும் எண் போட்டுவிடுங்கள். உருவுவதிலும் கலை இருக்கிறது. பாதி உருவி நிறுத்தினால் அடுத்த படத்தின் பாதி தெரியும், அந்தப் பாதியில் ஓநாயின் வால் மட்டும் இருந்தால் கூட்டம் மூச்சைப் பிடிக்கும்.

ஈயின் கதை போன்ற சங்கிலிக் கதைக்கும், கேட்பவர்கள் பார்த்தே இராத பொருள்கள் வரும் கதைக்கும் அட்டை பெரிய துணை. வரிசையும் மறக்காது. சுவர்க் கதைக்கு ஆறு அட்டை வரைந்து பார்த்தேன். படங்கள் நன்றாகவே வந்தன. ஆனால் அந்தத் தாயின் முகத்தை நான் வரைந்துவிட்டேன். அதற்குப் பிறகு அங்கே இருந்த எல்லாருக்கும் அந்த ஒரே முகம்தான். வரையாமல் விட்டிருந்தால், அறுபது பேரும் தங்களுக்குத் தெரிந்த ஒருத்தியை அந்தப் பாழ்வீட்டுக்குள் கூட்டிப் போயிருப்பார்கள். சாதனங்களை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: இது கேட்பவருக்குக் காட்டுகிறதா, அல்லது அவர் தானே பார்க்க வேண்டியதைப் பறித்துக்கொள்கிறதா?

புரொஜெக்டரும் ஸ்லைடும் இந்தக் காரணத்தாலேயே எனக்கு ஒத்துவருவதில்லை. அதோடு அறையை இருட்டாக்க வேண்டும். இருட்டில் அவர்கள் முகம் எனக்குத் தெரியாது.

வரைந்துகொண்டே சொல்வது. பசிபிக் கடலின் வனுவாட்டு தீவுகளில் மணலில் ஒரே விரலால், பெரும்பாலும் கையை எடுக்காமல் ஒரே தொடர்கோடாக வரைந்து கதை சொல்கிறார்கள். அலாஸ்காவின் யூபிக் சிறுமிகள் கதைக்கத்தி ஒன்றால் சேற்றிலோ பனியிலோ கீறிக்கொண்டே சொல்வார்கள். கோடு வளர வளரக் கதை வளரும்; முடிந்த படத்தைக் காட்டுவது போல அல்ல, பார்ப்பவரும் சேர்ந்து வரைகிறார். சுவர்க் கதைக்கு இது கச்சிதம் என்று தோன்றியது. கரும்பலகையில் நான்கு கோடு போட்டுச் சதுரமாக்கி, ஒவ்வொரு சுவர் விழும்போதும் ஒரு கோட்டை அழித்தேன். யோசனை நன்றாக இருந்தது. ஆனால் சுவர் விழுகிற கணத்தில் நான் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கதையிலேயே முக்கியமான நொடி அது. தரையில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, நடுவில் மணல் தட்டு வைத்தால் சரிவரும். பதினைந்து பேருக்கு மேல் தெரியாது.

ஒலி. வில்லுப்பாட்டில் கூடப் பாடுபவர்கள் 'ஆமா' போடுவதும், ஹைட்டியில் சொல்பவர் 'க்ரிக்?' என்று கேட்டால் கூட்டம் 'க்ராக்!' என்று பதில் சொல்வதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: கேட்கிறோம், மேலே போ என்று சொல்கின்றன. இதற்குப் பொருளே வேண்டியதில்லை. சுவர் இடிவதற்கு மேளம் வைத்துப் பார்த்தேன், திடுக்கிட வைத்தது, அவ்வளவுதான். அதைவிட, கூட்டத்தையே இரண்டு உள்ளங்கையாலும் தொடையில் மெல்லத் தொடங்கி வேகமாகத் தட்டச் சொல்லி, கையை உயர்த்தினால் நிறுத்தச் சொன்னேன். அறுபது பேர் தட்டி நிறுத்தும்போது வருகிற அமைதி, எந்த வாத்தியத்திலும் வராது.

துணி. கடைசியில் நான் வந்து நின்ற இடம் இதுதான். இரண்டு மீட்டர் பருத்தித் துணி, வெள்ளையோ பழுப்போ, பூ எதுவும் போடாதது. முதலில் அதை வயிற்றில் சுற்றி உடம்பு பெருப்பதைக் காட்டினேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அந்தத் தாய் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் கதை எழவில்லை. அடுத்த முறை துணியைக் கையில் மட்டும் வைத்துக்கொண்டேன். மூத்த மகன் ஏசினான், அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு முடிச்சுப் போட்டேன். மூத்த மருமகள் ஏசினாள், இன்னொரு முடிச்சு. நான்கு முடிச்சு விழுந்ததும் துணி குறுகி, கனத்து, ஒரு குழந்தை மாதிரி கையில் கிடந்தது. உடம்பு பெருத்ததை நான் காட்டவே இல்லை; எல்லாரும் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொரு சுவரிடமும் ஒரு முடிச்சை அவிழ்த்தேன்.

இதற்குத் தயார் செய்ய அதிகமில்லை, ஆனால் இருக்கிறது. வழுவழுப்பான செயற்கைத் துணியில் முடிச்சு தானாகவே நழுவிவிடும். புதுத் துணியில் கஞ்சி இருந்தால் இறுகிக்கொள்ளும். இரண்டு முறை துவைத்து மெத்தென்று ஆக்கிக்கொள்ள வேண்டும். முதல் மூன்று முடிச்சையும், நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும் உருவு முடிச்சாகப் போட வேண்டும். கண்ணால் பார்க்காமல், கேட்பவர்களைப் பார்த்துக்கொண்டே போடவும் அவிழ்க்கவும் கை பழக வேண்டும். எனக்கு அதற்கு நான்கு நாள் ஆனது. சிங்கத்துக்குப் பிடரி ஒட்டுகிற நேரத்தைவிடக் குறைவு.

இந்தத் தேர்வு மற்ற ஏற்பாடுகளையும் முடிவு செய்துவிடுகிறது. கையில் பிடிக்கும் மைக் கொடுத்தால் முடிச்சை அவிழ்க்க முடியாது, அதனால் காலர் மைக்கோ ஸ்டாண்டோ வேண்டும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். எனக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் என் கை இருட்டாகத் தெரியும். நாற்காலிகளைத் திருப்பிப் போடச் சொல்ல வேண்டும். அரை வட்டமாக உட்கார வைத்தால் கடைசி ஆள் வரை துணி தெரியும்.

ஆக அந்த நாற்பது நிமிடத்துக்கு என் பெட்டிக்குள் போவது: ஈயின் கதைக்கு ஒன்றும் வேண்டாம், கூட்டத்தின் குரல் போதும். சுவர்க் கதைக்கு அந்தத் துணி. கடைசிக்கு முல்லா கதை ஒன்று, அதற்கும் ஒன்றும் வேண்டாம். மிகச் சின்னக் குழந்தைகள் அதிகம் வருகிறார்கள் என்று தெரிந்தால் முல்லாவுக்குப் பதில் குரங்கும் முதலையும், இரண்டு பொம்மையோடு. இரண்டு வாரத்தில் முதல் வாரம் முழுக்கத் துணியைத் தொடாமல் சுவர்க் கதையை நடந்துகொண்டே சொல்கிறேன். எட்டு நிறுத்தமும் காலுக்குப் பழகியபின் இரண்டாவது வாரத்தில்தான் துணி.

நான்காவது முடிச்சை மட்டும் உருவு முடிச்சாகப் போடுவதில்லை. இளைய மருமகளின் முறை வரும்போது, நிஜமாகவே இறுக்கிப் போட்டுவிடுகிறேன். நான்காவது சுவர் முன்னால் அதை அவிழ்க்கச் சில நேரம் அரை நிமிடம் ஆகும், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். அதுவரை நான் எதுவும் பேசுவதில்லை. முன்வரிசைக் குழந்தைகள் என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை ஒரு சிறுமி எழுந்து வந்து, நகத்தை முடிச்சுக்குள் விட்டு, என்னோடு சேர்ந்து அவிழ்த்தாள்.